துளை கூடினால் தண்ணீர் எங்கே போகும்?
ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிபொருள் செல்லில், கார்பன் இழை மின்வாயின் நுண்துளைகள் கூடக் கூடத் திறனும் கூடும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. ஆக்சிஜன் எளிதாக உள்ளே போகும், சரி. ஆனால் கேத்தோடில், அதாவது ஆக்சிஜன் வினைபுரியும் மின்வாயில், உருவாகும் தண்ணீரும் அதே துளைகள் வழியாகத்தானே வெளியேற வேண்டும்? படிக்கும் காலத்தில் ஆய்வகத்தில் ஒற்றைச் செல் ஒன்றை ஓட்டினோம். 0.65 வோல்ட்டில் அசையாமல் நின்றது, மின்னோட்டத்தை ஏற்றியதும் விட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் கார்பன் தாளில் வியர்வை அரும்பியது போல பொடிப்பொடியாக நீர்த்துளிகள், வாயு போகும் பள்ளம் ஒன்று முழுக்க அடைத்துக் கிடந்தது. டெஃப்லான் பூச்சு கூடுதலாக இருந்த தாளை மாற்றிய பிறகுதான் செல் நிலைக்கு வந்தது. துளையின் அளவும் நீரை ஒட்டவிடாத தன்மையும் அவ்வளவு முக்கியம். சில நானோமீட்டர் அகலமே உள்ள துளைக்குள் வினையைத் தூண்டும் பிளாட்டினம் போய் உட்கார்ந்தாலும், புரோட்டானைக் கடத்தும் அயனோமர் என்ற பாலிமர் அங்கே நுழைவது கடினம். அப்புறம், கார்பன் துருப்பிடிக்காது, அதனால் ஆயுளைப் பற்றிக் கவலையில்லை என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். துருப்பிடிக்காது, ஆனால் அரிக்கப்படும். செல்லை நிறுத்தி மறுபடி இயக்கும்போது கேத்தோடின் மின்னழுத்தம் 1 வோல்ட்டைத் தாண்டிவிடும், அப்போது கார்பன் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பன் டை ஆக்சைடாகக் கரைந்துபோகும். பரப்பு அதிகமுள்ள கார்பனில் இது பெரும்பாலும் இன்னும் வேகமாக நடக்கும். பலமுறை நிறுத்தி இயக்கிய பிறகு அந்த மின்வாய் எப்படி இருந்தது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.