கடைசிப் பெயர் வரும்வரை விளக்கைப் போடாதீர்கள்

சனிக்கிழமை இரவு மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் மண்டபத்தில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். வராதவர்களும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு வரி மட்டும்: தம்பிகள் சிலர் எடுத்த பேய்ப் படத்தைத் திரையிட்டார்கள், அதற்கு இசை வாசித்தவர்கள் நம் பிள்ளைகள். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. விளக்கைப் போட்டு, ஒலியை நிறுத்திவிட்டு, மேடையில் பேச வந்த ஒரு பெரியவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். "பேய்ப் படத்துக்கு எதற்கு இத்தனை வயலின்? கணினியில் நாலு சத்தத்தை எடுத்துப் போட்டால் முடிந்தது" என்றார். மண்டபம் சிரித்தது. கைதட்டியவர்களும் உண்டு.

அது சத்தம் இல்லை, ஐயா. அது இசை. 11 பிள்ளைகள் 7 மாதம் உட்கார்ந்து பழகிய இசை. அவர்களில் நான்கு பேருக்கு வில்லைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். "உங்கள் மாணவர்கள் என்பதால் கோபப்படுகிறீர்கள்" என்று யாராவது சொன்னால், ஆமாம், அதனாலும்தான்.

நான் தோட்டத்தில் பிறந்தவள். இன்று செம்பனை நிற்கிற அந்த இடத்தில் அப்போது கித்தா, அதாவது ரப்பர் மரங்கள் இருந்தன. மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் சனம் பாயோடு வந்துவிடும். ஒருநாள் பேய்ப் படம். பாதியில் ஒலிபெருக்கியின் கம்பி அறுந்து சத்தம் நின்றுவிட்டது, படம் மட்டும் ஓடியது. வெள்ளைப் புடவை கட்டி, முகத்தில் மாவு பூசிய ஒரு பெண் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தாள். திடலே விழுந்து விழுந்து சிரித்தது. என் அண்ணன் எழுந்து அவளைப்போல் நடந்து காட்டினான். அந்த நேரத்தில் யாரோ கம்பியை முறுக்கி இணைத்துவிட்டார்கள். வயலின்கள் வந்தன. அதே பெண், அதே மாவு, அதே புடவைதான். ஆனால் சிரிப்பு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அண்ணன் சத்தமில்லாமல் அம்மாவின் பாயில் வந்து உட்கார்ந்தான். வேலைக்குமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எந்த நாளும் இருட்டிலேயே தனியாகப் போகிற அம்மா, மறுநாள் விடியற்காலை அப்பாவை எழுப்பித் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கம்பியில் வந்ததைத்தான் சத்தம் என்கிறார்கள். பேயைப் பேயாக்கியது மாவு இல்லை, இசை. எனக்கு வயலின் ஆசை பிடித்தது அந்தத் திடலில்தான்.

"பயம் என்றால் மௌனம் போதுமே" என்று இந்தப் பக்கத்தில் கேட்டிருக்கிற நண்பருக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது நல்ல கேள்வி. இயக்குநர் ஹிட்ச்காக்கும் அப்படித்தான் நினைத்தார். 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை, எழுதிக்கொண்டு வந்தார். கேட்டதும் ஹிட்ச்காக் தன் முடிவை மாற்றிக்கொண்டார். அந்தப் படம் முழுவதற்கும் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். ஊதுகுழல் இல்லை, முரசு இல்லை. அது பேய்ப் படம் இல்லைதான். ஆனால் பேய்ப் படம் எடுக்கிற பலரும் இன்றுவரை அந்த வயலின்களிடம் கடன் வாங்குகிறார்கள். சாத்தான் கதையான 'தி ஓமன்' (1976) படத்துக்கு இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் லத்தீன் மொழியில் பாடும் குழுவை ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்தார். 18 முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட அந்த மனிதர் ஒரே ஒருமுறைதான் அதை வாங்கினார். அது இந்தப் படத்துக்குத்தான். மேடையில் பேசுகிறவர்கள் பேசுவதற்குமுன் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

கணினியிலேயே செய்யலாமே என்கிறீர்கள். செய்யலாம். பணமில்லாதவர்களுக்கு அது பெரிய வரம், நான் மறுக்கவில்லை. ஆனால் கணினியில் இருக்கிற வயலின் ஒலியும் யாரோ ஒருவர் ஒரு அறையில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்ததுதான். கை இல்லாமல் ஒலி இல்லை.

அந்தக் கை என்ன செய்கிறது என்று ஒருமுறை பக்கத்தில் இருந்து பாருங்கள். வில்லை வழக்கமான இடத்தில் வைக்காமல், கம்பிகளைத் தாங்கும் சிறு மரத்துண்டான குதிரைக்கு ஒட்டி நகர்த்த வேண்டும். நுனியால் மட்டும், மணிக்கட்டை இறுக்காமல், கம்பியின்மேல் விடாமல் நடுக்க வேண்டும். ஒலி கண்ணாடியைக் கீறினாற்போல் மெலிந்துவிடும். 11 பேரும் நடுக்குகிறார்கள், ஆனால் ஒருவர் நடுக்கம் மற்றவர் நடுக்கத்தோடு பொருந்தாது. பயம் அந்தப் பொருந்தாமையில்தான் இருக்கிறது. வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவை வாசித்த பெண்ணுக்கு வயது 15. முனியாண்டி கோயில் காட்சியில் உடுக்கை சட்டென்று நின்றதும் அவள் ஒரே ஒரு கீழ் சுரத்தை வில் திரும்புவது தெரியாமல் பிடித்து நிற்கிறாள். மண்டபத்தில் அந்த இடத்தில் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டவர்களை நான் பார்த்தேன். பிறகு சிரித்ததும் அவர்கள்தான்.

பதிவு செய்தது ஒரு வகுப்பறையில், இரவில். மின்விசிறி இரைகிறது என்று நிறுத்திவிட்டோம். சன்னல்களுக்குப் போர்வை கட்டினோம். மழை வந்தால் தகரக் கூரையில் கொட்டும், நிறுத்தவேண்டியதுதான். மூன்று இரவுகள் மழையே முழுவதையும் எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் வியர்வையைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்கள்.

"நேரமாகிவிட்டது, மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்" என்றார்கள். பெயர்கள் ஓட 4 நிமிடம். பொன்னாடைகளுக்கும் பேச்சுகளுக்கும் 40 நிமிடம். இதற்குமேல் அதைப்பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

"வெள்ளைக்காரன் வாத்தியம் நமக்கெதற்கு, உறுமி இல்லையா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு 60 விருப்பக்குறிகள். தம்பி, உறுமியும் உடுக்கையும் கேட்டு வளர்ந்தவள் நான். படத்தில் உடுக்கை இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. வயலின் நம் கைக்கு வந்து 200 ஆண்டுகளுக்கு மேலாகிறது. கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வாசித்த வாத்தியம் அது. அது இல்லாமல் இன்று ஒரு கர்நாடகக் கச்சேரி உண்டா? 2025 மார்ச்சில் இளையராஜா இலண்டனில் சிம்பொனி அரங்கேற்றியபோது, இதே ஊரில் எத்தனை பேர் அவருடைய படத்தை முகப்பில் வைத்தீர்கள்? நானும் வைத்தேன், அழுதேன். பண்ணைப்புரத்தில் பிறந்த ஒருவர் அங்கே போய் நின்றதை நினைத்து அழுதேன். இலண்டனில் வெள்ளைக்காரர்கள் வாசித்தால் பெருமை, சுங்கை சிப்புட்டில் நம் பிள்ளைகள் வாசித்தால் சத்தமா?

எனக்கு வலிப்பது அங்கேதான். 1998இல் தொடங்கிய மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கேட்க இங்கிருந்து கோலாலம்பூர்வரை 200 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். ஒருமுறை இந்தப் பிள்ளைகளை வேன் பிடித்துக் கூட்டிப்போனேன். திரும்பும் வழியில் ஒருவரும் தூங்கவில்லை. மறுவாரம் ஒரு தாய் வந்து, "டீச்சர், வயலின் சோறு போடுமா?" என்று கேட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், கித்தா மரத்தில் பால் வெட்டிப் பிள்ளை வளர்த்த குடும்பம். போடாது என்று சொல்ல மனமில்லாமல், பொறுத்துப் பாருங்கள் என்றேன். சனிக்கிழமை அந்தத் தாயும் மண்டபத்தில் இருந்தார். மேடையிலிருந்தே பதில் கிடைத்துவிட்டது. இந்த வாரம் அவர் மகள் வகுப்புக்கு வரவில்லை.

இன்னொரு பையனின் அப்பா செம்பனை ஆலையில் வேலை செய்கிறவர். இரவு ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில், தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் மகன் பெயர் ஒன்பதாவது. விளக்கு போட்டபோது நான்காவது பெயர் போய்க்கொண்டிருந்தது. வெளியே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று அந்தப் பையன் என்னிடம், "டீச்சர், அப்பா என் பெயரைப் பார்க்கவில்லை" என்றான். அவன் அப்பா, "பரவாயில்லை டீச்சர், வாசித்தது கேட்டதே" என்றார்.

பரவாயில்லை என்று என்னால் இருக்க முடியாது. படம் எடுத்த தம்பிகளிடம் கேட்டுவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு என் வீட்டு முன்கூடத்தில் படத்தின் கடைசிப் பகுதியை மட்டும் போடுகிறோம். பாய் விரித்திருக்கும், தேநீர் இருக்கும். அந்தப் பெரியவருக்கும் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். 11 பெயர்களும் ஓடி முடியும்வரை விளக்குப் பொத்தானின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.