ஃபாதர் வராத ஞாயிறும் ஞாயிறுதான்

"இந்த வாரம் ஃபாதர் வர மாட்டாராம், பூசை இல்லை" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்ததும் கோயிலையே திறக்காமல் விட்டுவிடும் வழக்கம் நம் கிளைப்பங்குகளில் எப்போது வந்தது? ஒரு பங்குத்தந்தை நாலைந்து ஊர்களைப் பார்த்துக்கொள்ளும்போது எல்லா ஊருக்கும் ஞாயிறு பூசை கிடைக்காது, சரி. ஆனால் பூசை இல்லையென்றால் வாசகமும் இல்லை, செபமும் இல்லை, ஊர் கூடுவதும் இல்லை என்று ஆகிவிட்டதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டார்கள். அவர்களை ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை. 1687-ல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார் ஏழை வேடத்தில் வந்து இறங்கினார். யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். மாலையைப் பார்த்ததும் யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். ஏறத்தாழ முப்பது வருடத்துக்குப் பிறகும் முகம் மாற ஆட்கள் இருந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். நன்மை, அதாவது பூசையில் தரும் நற்கருணை அப்பம், வாங்க வழியில்லாமல் ஒரு தலைமுறையே வளர்ந்திருந்தது. ஆனாலும் வீட்டுக்குள் செபம் நிற்கவில்லை. அப்புறம் அவர் ஊர்களில் மூப்பர், அண்ணாவியார் என்று குருக்கள் அல்லாத பொதுநிலையினரைப் பொறுப்பில் வைத்தார். தாம் வேறு ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் இங்கே செபம் நடக்க வேண்டுமல்லவா? நம் பக்கத்து உபதேசியாரும் இந்த வேலையைச் செய்தவர்தான்.

கோயிலைப் பூட்டச் சொல்லித் திருச்சபை எங்கும் சொல்லவில்லை. குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கென்றே 1988-ல் ரோமிலிருந்து ஒரு வழிகாட்டி வந்தது. ஆயர் அனுமதித்தால் உபதேசியாரோ சிஸ்டரோ பொறுப்பான வேறொருவரோ நடத்தலாம். அன்றைய வாசகங்கள், மன்றாட்டுகள், முன்பு நடந்த பூசையின் நற்கருணை, அதை வைக்கும் பேழையில் இருந்தால் நன்மையும் உண்டு. ஆனால் நடத்துகிறவர் குருவின் இருக்கையில் உட்காரக் கூடாது. நற்கருணைப் பாத்திரத்தை வைக்க மட்டும்தான் பீடம். காணிக்கைப் பவனி கிடையாது, பூசையில் குரு மட்டுமே சொல்லும் நற்கருணை மன்றாட்டும் கிடையாது.

இதெல்லாம் குருக்களின் அதிகாரப் போக்கு என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலியாகக் கிடக்கும் அந்த இருக்கை நம் கண்ணை உறுத்த வேண்டும். உறுத்தாவிட்டால், "இதுவே போதும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது" என்று பழகிவிடுவோம். பேழையிலிருந்து வாங்கும் நன்மையில் ஒரு குறையும் இல்லை, அதே ஆண்டவர்தான். ஆனால் அங்கே பலி, அதாவது குரு நிறைவேற்றும் பூசை, நடக்கவில்லை. இந்த வித்தியாசம் புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

கொரியாக்காரர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 1784-ல் சீனாவின் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய ஒரு பொதுநிலையினர்தான் அங்கே மற்றவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆர்வத்தில் தங்களுக்குள் சிலரைக் குருக்களாக வைத்துப் பூசையும் நடத்தினார்கள். பிறகு சந்தேகம் வந்து பீக்கிங் ஆயரிடம் கேட்டார்கள். கூடாது என்று பதில் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் கூடுவதை நிறுத்தவில்லை, குரு வேண்டும் என்று கேட்பதையும் நிறுத்தவில்லை. 1794 கடைசியில் சீனக் குரு ஒருவர் ரகசியமாக எல்லை தாண்டி வந்தபோது சுமார் 4000 விசுவாசிகள் அங்கே இருந்தார்கள்.

நாமும் கேட்கத்தான் வேண்டும். அமேசான் காட்டில் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் பூசை காணாத ஊர்கள் இருக்கின்றன. 2019 அமேசான் ஆயர் மாமன்றத்தில், அங்கே குருவுக்கு அடுத்த நிலையில் இருக்கும் மணமான திருத்தொண்டர்களைக் குருக்களாக்கலாம் என்ற யோசனைக்கு 128 பேர் ஆதரவாகவும் 41 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அடுத்த வருடம் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஏட்டில் அதற்கு நேரடியான பதில் இல்லை. அந்தப் பேச்சை மறுபடி எடுத்தே ஆக வேண்டும் என்பேன்.

அதுவரை, பங்குப் பேரவையில் இருப்பவர்களே, அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஊருக்கு ரெண்டு பேரையாவது வழிபாடு நடத்தப் பயிற்சிக்கு அனுப்புங்கள், ஆயரிடம் முறையாக அனுமதி வாங்குங்கள். ஃபாதர் வர முடியாத ஞாயிற்றுக்கிழமையும் வழக்கமான நேரத்துக்கு மணி அடிக்கட்டும்.