மதுரையில் இந்தச் சம்பளம் போதுமாம்!

"ஆறு லட்சம் பேக்கேஜ், அதுவும் மதுரையில! உனக்கென்னப்பா, ராஜா வாழ்க்கை" என்று இனி எவனாவது சொன்னால் சண்டைதான்.

அந்த ராஜாவின் கணக்கைக் கேளுங்கள். 6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 50,000. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், அதில் பாதி. பேசிக்கில் 12 சதவீதம், 3,000 ரூபாய், என் பிஎஃப். சரி. கம்பெனி தன் பங்காகக் கட்டும் இன்னொரு 3,000-மும் என் பேக்கேஜுக்குள்ளேயே அடக்கமாம்! கிராஜுவிட்டி என்று, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடைக்கு, 1,200. ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தால்தான் அது கண்ணில் படும். வேரியபிள் என்ற ஊக்கத்தொகை 5,000, வந்தால் உண்டு. கைக்கு வருவது 38,000 கூட இல்லை.

இன்டர்வியூவிலேயே "மதுரைதானே, செலவு கம்மி" என்று சொல்லித்தான் குறைத்தார்கள். மதுரைக்காரன் என்று பங்கில் பெட்ரோலைக் குறைத்துப் போடுகிறானா? பேங்க்காரன் வட்டியைக் குறைக்கிறானா? செல்போன், மாத்திரை, ஸ்கூல் ஃபீஸ், எதில் தள்ளுபடி? வாடகை சென்னையை விடக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே மதுரை அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் வீடு பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். கரண்டுக்கு அரசு 100 யூனிட் இலவசம் தருகிறது. எங்கள் ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே வசூலிக்கிறார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. இந்த ஊரில் விசேஷ வீட்டுக்கு மொய், சீர் வைக்கிற செய்முறை என்று ஒன்று இருக்கிறதே, அதை எந்த பட்ஜெட்டில் எழுதுவது? தை, வைகாசி, ஆவணி வந்தால் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு என்று பத்திரிகை குவிகிறது. அவர்கள் நமக்குச் செய்ததற்கு மேல் ஒரு ரூபாயாவது கூட்டி வைக்க வேண்டும். தாய்மாமன் முறை என்றால் தட்டு, சேலை, மோதிரம். இப்போது கம்ப்யூட்டர் மொய் வேறு. ரசீது அடித்துக் கையில் கொடுக்கிறார்கள், தப்பவே முடியாது. முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ கிலோ ஆயிரங்களில் போகிறது, பூ விளைகிற ஊரிலேயே.

"12 லட்சம் வரைக்கும் டாக்ஸ் இல்லையே மாப்ள" என்கிறார் மாமா ஒருத்தர். எனக்கு அதற்கு முன்னாலேயே வரி இல்லை, மாமா! அந்த அறிவிப்பால் என் கைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வரவில்லை. சோப்புக்கும் டீத்தூளுக்கும் ஜிஎஸ்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த அப்ரைசலில் "லொகேஷன் மதுரை" என்று மறுபடியும் ஆரம்பித்தால், என் செய்முறை ரசீதுகளை மொத்தமாக அந்த எச்ஆர் மேஜையில் கொட்டப்போகிறேன்.