எஸ்.பி.ஜி.யின் கரும்புத் தோட்டம்

தென் தமிழ்நாட்டில் நாசரேத், இடையன்குடி, சாயர்புரம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.பி.ஜி. யார் என்று விளக்க வேண்டியதில்லை. கால்டுவெல்லும் ஜி.யு. போப்பும் ஊழியம் செய்த, இங்கிலாந்து திருச்சபையின் மிஷனரி சங்கம். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்டி நம் பாட்டிமாரைப் படிக்கவைத்தது. அந்த நன்றி எனக்கு நிறையவே உண்டு.

இதே சங்கம் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸில் நூறு வருஷத்துக்கு மேல் அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்தது. ஒரு பிரசங்கத்திலும் இதை நான் கேட்டதில்லை.

1710இல் இறந்த கிறிஸ்டோபர் காட்ரிங்டன் என்பவர் தன் இரண்டு தோட்டங்களைச் சங்கத்துக்கு உயில் எழுதிவைத்தார். அங்கே கல்லூரி நடத்த வேண்டும், எப்போதும் 300 அடிமைகள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுவிசேஷம் பரப்ப வந்த சங்கம் அதற்குத் தலையாட்டியது. தொடக்க காலத்தில் அந்த அடிமைகளின் மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 'சொசைட்டி' என்று சூடு போட்டார்கள்.

1760இல் இங்கிலாந்து திருச்சபையின் தலைமைக் குருவான காண்டர்பரி பேராயர் தாமஸ் செக்கர் ஒரு கடிதம் எழுதினார். நம் தோட்டத்து அடிமைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், புதிதாக ஆள் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று அதில் வருத்தப்படுகிறார். ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள் என்று அர்த்தம். ஆனாலும் இப்போதைக்கு நிலைமையை அப்படியே ஏற்க வேண்டியதுதான் என்றும் எழுதிவிட்டார். சூட்டுக்கோலைவிட இந்தக் கடிதம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. தப்பு என்று மனசுக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் தோட்டத்தை விட மனசு வரவில்லை.

1834இல் அடிமைகளுக்கு விடுதலை வந்தது. 411 அடிமைகளை இழந்ததற்கு நட்டஈடாகச் சங்கத்துக்கு 8,823 பவுண்டு கிடைத்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு கிடையாது. 'பயிற்சி' என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளிகளுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. இப்படி முதலாளிகளுக்குக் கொடுக்க பிரிட்டிஷ் அரசு வாங்கிய கடன் முழுசாக அடைந்ததே 2015இல்தான். எப்போதோ நடந்த பழங்கதை என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இங்கிலாந்து திருச்சபை 2006இல் மன்னிப்புக் கேட்டது. சரி, அப்புறம்? 2023இல்தான் பணம் பேச ஆரம்பித்தது. திருச்சபை 10 கோடி பவுண்டு நிதி ஒதுக்குவதாகச் சொன்னது. பழைய எஸ்.பி.ஜி.யின் வழிவந்த யு.எஸ்.பி.ஜி., காட்ரிங்டன் தோட்டத்து மக்களின் சந்ததிக்காக 70 லட்சம் பவுண்டு தருவதாக அறிவித்தது. அடிமைகள் புதைக்கப்பட்ட இடங்களுக்கு நினைவிடம் அமைப்பதும் அதில் ஒரு வேலை.

உடனே இங்கிலாந்தில் எதிர்ப்பு. எங்கள் ஆலயங்களே பணமில்லாமல் திண்டாடுகின்றன, முன்னோர் பாவத்துக்கு நாங்கள் ஏன் தர வேண்டும் என்கிறார்கள். சொத்து மட்டும் பரம்பரையாக வரலாம், கடன் வரக்கூடாதா? பைபிளில் வரும் வரிவசூல்காரன் சகேயு வெறுமனே அழுதுவிட்டுப் போகவில்லை, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். என் கருத்து இதுதான்: அந்தப் பணம் கொடுத்தே ஆக வேண்டியது. எப்படிச் செலவழிப்பது என்பதை லண்டனில் அல்ல, பார்படோஸில் முடிவு செய்ய வேண்டும்.

நம் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மிஷனரி வரலாறு சொல்லும்போது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தத் தோட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். நம்மூர்க் கிறிஸ்தவர்களில் இன்னும் சிலர் சாதிக்கொரு கல்லறை வைத்திருப்பதைப் பற்றியும் கேட்பார்கள். அதற்கும் ஆயர்களும் சபை மூப்பர்களும் பதில் சொல்லத்தான் வேண்டும்.