மோர்மன் சாட்சிகள் 3 பேரும் மறுத்துட்டாங்களா? இல்லைங்க

மோர்மன் புத்தகம்ங்கிறது அமெரிக்காவுல ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்ச மோர்மன் சபையோட வேத நூல், தங்கத் தகடுகள்ல இருந்து மொழிபெயர்த்ததா அவர் சொன்னார். அந்தத் தகடுகளைப் பார்த்தோம்னு 1829ல கையெழுத்து போட்ட 3 பேரும் பின்னாடி ‘பொய் சொன்னோம்’னு ஒத்துக்கிட்டதா ஒரு ஃபார்வர்ட் சுத்துது, அது தப்புங்க. ஆலிவர் கௌடரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ் மூணு பேருமே ஜோசப் ஸ்மித்தோட முட்டிக்கிட்டு 1837, 1838ல சபையில இருந்து நீக்கப்பட்டது நிஜம், அதைத்தான் யாரோ திரிச்சிருக்காங்க. ஆனா சாட்சியத்த யாரும் வாபஸ் வாங்கல. கௌடரி 1848லயும் ஹாரிஸ் 1870லயும் திரும்பி வந்தாங்க, விட்மர் கடைசி வரைக்கும் வரவே இல்ல, அப்படியும் 1887ல, சாகறதுக்கு முந்தின வருஷம், நான் மறுக்கவே இல்லன்னு அச்சடிச்சே வெளியிட்டார், எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது. இதனால தகடு இருந்துச்சுன்னு நிரூபணம் ஆயிடாது, வெறும் கண்ணால பார்த்தாங்களா இல்ல தரிசனமாங்கிற கேள்வி அப்படியேதான் இருக்கு, அதுல சந்தேகம் வர்றது நியாயம்தான்.