மனோரமாவை எண்ணிக்கையால் மட்டும் நினைவுகூர வேண்டாம்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10 வந்தால் மனோரமா ஆச்சியின் நினைவஞ்சலிப் பதிவுகள் என் பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கும். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர், 1985-இல் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றவர், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற மூன்று செய்திகளும் எல்லாப் பதிவுகளிலும் இருக்கும். மூன்றும் உண்மைதான். ஆனால் அவர் எப்படி நடித்தார் என்று ஒரு வரி எழுதியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சிவாஜி கணேசனைப் பற்றி எழுதும்போது அவர் எத்தனை படம் நடித்தார் என்று யாரும் தொடங்குவதில்லை. அவருடைய நடையையும் கண்களையும் வசனம் பேசும் முறையையும் பற்றி எழுதுகிறோம். நாகேஷ் என்றால் அந்த ஒல்லியான உடம்பு எப்படி வளைந்தது, எந்த நொடியில் திரும்பிப் பார்த்தது என்று பேசுகிறோம். மனோரமாவுக்கு மட்டும் கணக்குச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். பல ஆண்டுகளாக எனக்கு இருக்கும் வருத்தம் இது. அதை இன்று விரிவாகவே எழுதிவிட நினைக்கிறேன்.

கோபிசாந்தா என்ற பெயரோடு அவர் பிறந்தது 1937-இல், மன்னார்குடியில். கணவரால் கைவிடப்பட்ட தாய் ராமாமிர்தம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார்; அங்கே வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். வறுமையால் படிப்பு பாதியிலேயே நின்றது. பன்னிரண்டு வயதளவில் சிறுமி நாடக மேடை ஏறினாள். மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். நாடகக் குழுவிலேயே இருந்த எஸ்.எம்.ராமநாதனை மணந்தார், மகன் பிறந்த சிறிது காலத்திலேயே கணவர் பிரிந்து போனார். தாயின் கதையே மகளுக்கும் நேர்ந்தது என்று இதைப் பலரும் கண்ணீரோடு எழுதிவிட்டார்கள். நான் அதில் அதிகம் நிற்க விரும்பவில்லை. துயரப்பட்டவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்களில் ஒருவர்தான் மனோரமா ஆனார். அது எப்படி என்பதே என் கேள்வி.

என் வரையில் அதற்கு விடை அவர் காதில் இருக்கிறது. செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டுப் பெரிய பெண்களை ஆச்சி என்று அழைப்பது வழக்கம். அந்தச் சீமையின் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒரு சிறுமி, பின்னர் ஊர் ஊராக நாடகத்துக்குப் போய், ஒவ்வோர் ஊரிலும் எதிரே உட்கார்ந்திருந்த கூட்டம் எந்தச் சொல்லுக்குச் சிரித்தது, எந்த இழுப்புக்கு அமைதியானது என்று மேடையில் நின்றபடியே கற்றுக்கொண்டார். எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் அவர் நடித்த காலம் அந்தப் பயிற்சியை முழுமையாக்கியது. 1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' படத்தில் நகைச்சுவை வேடத்தில் திரைக்கு வந்தபோது அவர் புதுமுகமாக இருந்தது கேமராவுக்கு மட்டும்தான். நடிப்புக்கு அவர் ஏற்கெனவே பழையவர்.

அப்போது நகைச்சுவை நடிகைக்குத் தமிழ்த் திரையில் என்ன இடம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். என்.எஸ்.கிருஷ்ணனோடு டி.ஏ.மதுரம், காளி என்.ரத்தினத்தோடு சி.டி.ராஜகாந்தம், கே.ஏ.தங்கவேலுவோடு எம்.சரோஜா என்று ஜோடியாகவே அவர்களை நினைத்துப் பழகியிருந்தோம். இந்த மூன்று இணைகளும் வாழ்க்கையிலும் கணவன் மனைவியர். ஒவ்வொருவரும் பெரிய கலைஞர்; மதுரத்தின் நிதானமும் சரோஜாவின் வெகுளித்தனமும் இன்றும் பார்க்கத் தகுந்தவை. ஆனாலும் விளம்பரத்தில் ஆணின் பெயருக்கு அடுத்துத்தான் அவர்கள் பெயர் வந்தது. மனோரமாவும் நாகேஷோடு ஏராளமான படங்களில் இணையாக நடித்தார். சோவோடு நடித்தார், தேங்காய் சீனிவாசனோடு நடித்தார், இன்னும் எத்தனையோ பேரோடு நடித்தார். எதிரே நின்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் மாறாமல் நின்றார். இவ்வாறு தனி ஆளாக நின்று, அடுத்து வந்த நகைச்சுவை நடிகைகளுக்கு ஒரு வழியைத் திறந்து வைத்ததை நாம் போதுமான அளவு பேசவில்லை.

வட்டார வழக்கில் அவர் காட்டிய தேர்ச்சிக்கு ஒரே காலத்திய இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1967-இல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் நாகேஷோடு தூத்துக்குடிப் பேச்சுப் பேசுகிறார். மறு ஆண்டில் 'பொம்மலாட்டம்' படத்துக்காக 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' என்று சென்னைத் தமிழில் சொந்தக் குரலில் பாடுகிறார். பிற்காலத்தில் 'சின்ன கவுண்டர்' படத்தில் எடுப்பான பல்லோடு கொங்குச் சீமைத் தாயாக வருகிறார். வட்டார வழக்கை எழுதிக் கொடுத்தால் யாரும் வாசித்துவிடலாம். ஆனால் அந்த ஊர்க்காரர் எங்கே மூச்சு விடுவார், எந்த உயிரெழுத்தை நீட்டுவார், கோபத்தில் எந்தச் சொல்லை விழுங்குவார் என்பது தாளில் வராது. மனோரமா அதைத்தான் பிடித்தார். எங்கள் வீட்டில் அப்பத்தா தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து காய் நறுக்குவார், ஆச்சியின் குரல் கேட்டால் மட்டும், "இவ எந்த ஊர்க்காரியா வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு, தானே காதால் கேட்டு ஊரையும் சொல்லிவிடுவார். திரையைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இருந்ததில்லை.

ஒரே ஒரு வேடத்தை வைத்து அவரை எடை போடச் சொன்னால், நான் 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் ஜில் ஜில் ரமாமணியைத்தான் எடுப்பேன். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக்கியபோது, சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஆளுக்கொரு காட்சியைத் தூக்கிச் செல்லும் கூட்டம் அதில் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ரமாமணிக்குச் சாஸ்திரியச் சங்கீதமும் கிடையாது, பரதமும் கிடையாது. சீட்டுக் கொடுத்து உள்ளே வரும் கூட்டத்துக்கு ஆடிப்பாடிப் பிழைக்கும் பெண் அவள். நாதஸ்வர வித்வானும் நாட்டிய மங்கையும் மானத்துக்காகவும் கலைக்காகவும் மோதிக்கொள்ளும் கதையில், கலையில் கீழ்ப்படியில் வைக்கப்பட்ட ஒருத்தியாக அவள் வருகிறாள்.

இந்த நாயனத்தில் மட்டும்தான் இப்படிச் சத்தம் வருமா, இல்லை எல்லா நாயனத்திலும் அப்படித்தானா என்று அவள் நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்திடம் கேட்கும் இடத்தில் திரையரங்கு சிரித்தது, இன்றும் சிரிக்கிறோம். ஆனால் அந்தக் கேள்வியை மனோரமா கேட்கும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். குரலில் கேலியும் இல்லை, சிரிப்பு வாங்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை. தனக்கு எட்டாத ஒரு பெரிய பொருளின் முன் நிற்கும் வெள்ளை மனத்தின் வியப்புதான் அதில் இருக்கிறது. நகைச்சுவை பார்ப்பவருக்குத்தான், ரமாமணிக்கு அது உண்மையான கேள்வி. அந்த வேறுபாட்டைக் காப்பாற்றுவது மிகக் கடினமான வேலை. கொஞ்சம் கூடினால் அவள் அசடாகத் தெரிவாள், கொஞ்சம் குறைந்தால் சிரிப்பே வராது. ஊர் ஊராக மேடை ஏறிப் பிழைத்த ஒருவர், அதே பிழைப்புப் பிழைக்கும் ஒருத்தியாக நடித்தபோது, அவளை ஓரிடத்தில்கூடக் கீழே இறக்கிக் காட்டவில்லை. இந்த மரியாதையைத்தான் நான் அவருடைய கலையின் உச்சமாகக் கருதுகிறேன்.

பிற்காலத்திலும் இந்தக் குணம் அவரிடம் குறையவில்லை. 1986-இல் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக அவர் குரலுயர்த்திப் பேசிய காட்சியும், 'கண்ணம்மா கம்முனு கெட' என்ற வசனமும் இன்றுவரை வீடுகளில் புழங்குகின்றன. 1988-இல் 'பாட்டி சொல்லைத் தட்டாதே' என்று பாட்டியின் பெயரிலேயே ஒரு படம் வந்தது. நகைச்சுவை நடிகை ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு தலைப்பைத் தாங்கி நின்ற தமிழ்ப் படங்கள் எத்தனை என்று எண்ணினால் ஒரு கை விரல்களே அதிகம். 1990-இல் வந்த 'நடிகன்' படத்தில், திருமணமாகாமலே வயது கடந்துவிட்ட பெண், கிழவர் வேடமிட்ட இளைஞனைக் காதலிக்கிறாள். எளிதில் விரசமாகியிருக்கக்கூடிய பகுதி அது. கூந்தலைச் சரிசெய்துகொள்வதிலும் நாணிக் கண்ணைத் தாழ்த்துவதிலும் அவர் வைத்திருந்த அளவினால், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணுக்காக மனம் இளகுகிறது.

இவ்வளவு செய்தவருக்குத் தேசிய விருது கிடைத்தது 1989-இல் வந்த 'புதிய பாதை' படத்துக்காக, சிறந்த துணை நடிகை என்ற பிரிவில். 2002-இல் பத்மஸ்ரீ வந்தது. அந்த விருதுக்கு அவர் முழுத் தகுதி உடையவர். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் நாட்டையே சிரிக்க வைத்தபோது வராத அங்கீகாரம், உருக்கமான வேடங்களுக்கு அவர் நகர்ந்த பிறகே வந்தது. அழ வைப்பது நடிப்பு, சிரிக்க வைப்பது பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. நகைச்சுவை செய்பவர் பெண்ணாக இருந்துவிட்டால் அந்த எண்ணம் இன்னும் கெட்டிப்படுகிறது. அவர் மறைந்தபோது வந்த கட்டுரைகளிலும் தாய், பாட்டி வேடங்களுக்குக் கிடைத்த இடம் ரமாமணிக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

நடிப்புப் பயிலும் இளைஞர்களுக்கு வட்டார வழக்கைக் கற்பிக்க வேண்டும் என்றால், மனோரமாவின் காட்சிகளைப் பாடமாகவே வைக்கலாம். தூத்துக்குடி, சென்னை, கொங்கு என்று அவர் பேசியவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து, ஒலியை மட்டும் கேட்கச் செய்யலாம். சென்ற வாரம் நானே அதைச் செய்து பார்த்தேன். படத்தை மறைத்துவிட்டு, ரமாமணியின் காட்சியையும் கண்ணம்மாவின் காட்சியையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்று நம்ப முடியாத இரண்டு பெண்கள் அங்கே இருந்தார்கள். ரமாமணி கேள்வி கேட்பதற்குச் சற்று முன் மிகச் சிறிதாய் ஒரு தயக்கம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் பார்த்தும் அது என் காதில் விழுந்ததில்லை. அதைக் கேட்பதற்காகவே அந்த இடத்துக்கு மூன்று முறை திரும்பிப் போனேன்.