அந்தாள் அத்தனையும் படிச்சாரா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும், வீடியோதான் சுற்றிக்கொண்டிருக்கிறதே. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜான் லம்லி பிரபுவுடைய நூலகம் பற்றி நான் பேசி முடித்ததும் நண்பர் மைக்கை வாங்கி, "அதெல்லாம் சரி, அந்தாள் அத்தனையும் படிச்சாரா?" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சுருக்கென்றது.

சுமார் 3,000 நூல்கள். 1609-இல் அவர் இறந்தபோது இங்கிலாந்தில் ஒரு தனி மனிதரிடம் அவ்வளவு இருப்பது அபூர்வம். இறையியல், வரலாறு, மருத்துவம், சட்டம், இசை என்று வகை பிரித்துப் பட்டியலே போட்டிருக்கிறார்கள். பட்டியலின் பிரதி கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியில் இன்றும் இருக்கிறது. அலங்காரத்துக்கு அடுக்கியவர் வகை பிரித்துப் பட்டியல் எடுப்பாரா? படித்தாரா படித்தாரா என்று குடைகிறவர்களே, அவர் வைத்திருந்தார். அதை முதலில் பாருங்கள்.

எப்படிப்பட்ட காலத்தில் வைத்திருந்தார் தெரியுமா? எட்டாம் ஹென்றிக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக 1537-இல் அவர் அப்பாவைக் கொன்றார்கள். மகன் கத்தோலிக்கர். 1571-இல் புராட்டஸ்டண்ட் ராணி எலிசபெத்தைக் கவிழ்க்க நடந்த ரிடோல்ஃபி சதியில் சிக்கி அவரும் சிறைக்குப் போனார். பிறந்த மூன்று குழந்தைகளும் சிறு வயதிலேயே போய்விட்டன. கடனுக்காக நன்சச் அரண்மனையை எலிசபெத் ராணியிடம் கொடுக்க வேண்டி வந்தது. அரண்மனை போனது, புத்தகங்கள் போகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாமனார் அரண்டேல் பிரபு வழியாக அவருக்கு வந்தவற்றில் பேராயர் கிரான்மரின் நூல்களும் இருந்தன. கிரான்மர் புராட்டஸ்டண்ட். 1556-இல் கத்தோலிக்க ராணி மேரி அவரை உயிரோடு எரித்தார். அந்த மனிதரின் புத்தகங்களைக் கத்தோலிக்க லம்லி எரிக்கவில்லை, விற்கவில்லை. சில நூல்களின் முதல் பக்கத்தில் கிரான்மர், அரண்டேல், லம்லி என மூன்று பெயர்களும் இருக்கின்றன. பிடிக்காத கட்சிக்காரர் எழுதிய புத்தகத்தை வீட்டுக்குள் விடாத நாம், அவரைப் பார்த்துப் படிச்சாரா என்று கேட்கிறோம்!

"குடியானவன் உழைப்பில் வந்த பணம்தானே" என்று ஒருவர் உள்பெட்டியில் வந்தார். ஆமாம் ஐயா, அப்படித்தான். அதே பணத்தில் மற்ற பிரபுக்கள் என்ன வாங்கினார்கள் என்று கொஞ்சம் பாருங்கள். 1582-இல் இவரும் கால்டுவெல் என்ற மருத்துவரும் தொடங்கிய அறுவை மருத்துவச் சொற்பொழிவுத் தொடரில்தான் பின்னாளில் வில்லியம் ஹார்வி பேசினார். ரத்த ஓட்டத்தை விளக்கிய அதே ஹார்விதான். லம்லியின் முதல் மனைவி ஜேன், பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் நாடகம் ஒன்றை ஆங்கிலமாக்கினார். கிரேக்கத் துன்பியல் நாடகங்களின் ஆங்கில வடிவங்களில் இன்று கிடைப்பவற்றுள் அதுதான் மிகப் பழையது. இப்படிப்பட்ட வீட்டில் புத்தகம் ஷோகேஸில் தூங்கியதாம்!

"இங்கிலீஷ்காரப் பிரபுவுக்கு நீ ஏன் வக்காலத்து?" என்பதற்கெல்லாம் பதில் கிடையாது. எனக்குப் பிடிக்கும், எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி ஏன் இவ்வளவு குத்தியது என்றும் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு அவர் புத்தகங்களை ஒரு நூலகத்துக்குக் கொடுத்தோம். வாங்க வந்தவரும் அலமாரியைப் பார்த்ததும் இதையேதான் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் காபி கொண்டுவந்து வைத்தார். அப்புறம் ஒரு நாள் பழைய புத்தகக் கடையில் அப்பாவின் கையெழுத்தோடு ஒன்றைப் பார்த்தேன். நூலகத்தில் கேட்டால், எங்களிடம் ஏற்கெனவே இன்னொரு பிரதி இருக்கிறது, அதனால் கழித்தோம் என்றார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருப்பி வாங்கிக்கொண்டிருப்போமே!

லம்லிக்கும் இதுவே நடந்தது. அவர் நூல்கள் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் மகன் இளவரசர் ஹென்றியிடம் போய், அரச நூலகத்தோடு சேர்ந்து, 1757-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. அங்கே கூடுதல் பிரதிகள் என்று சொல்லிச் சிலவற்றை ஏலத்தில் விற்றார்கள். பேராயர் பெயரும் பிரபு பெயரும் உள்ள பிரதி எப்படி ஐயா கூடுதலாகும்? ஓரத்தில் அப்பா பென்சிலால் சண்டை போட்டிருந்த பிரதி எப்படிக் கூடுதலாகும்?

நண்பர் நேற்று போன் செய்து, "சும்மா ஜாலிக்குக் கேட்டேன்" என்றார். சரி. என் அலமாரியிலிருந்து அவர் எடுத்துப் போன நான்கு புத்தகங்களையும் இந்த வாரத்துக்குள் கொண்டுவந்து கொடுக்கட்டும். படித்தாரா என்று நான் கேட்க மாட்டேன்.